யாருக்கு முன்னால் முக்காடு?

(அஜ்மீரில் நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. பேச்சில் விட்டுப்போன சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



சென்ற மாதக் கூட்டம் எப்படி முடிந்தது என்பது வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சந்தா பாக்கி, ரேஷன் கார்டு மனு, பொங்கல் விழாக் கணக்கு எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஒரு பெண்ணின் முக்காட்டைப் பற்றி மூன்று மணி நேரம் சண்டை போட்டோம். நம் உறுப்பினர் ஒருவரின் மகள். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். உள்ளூர்க் குடும்பத்துப் பையனை விரும்பி, இரு வீட்டார் சம்மதத்தோடு மணந்துகொண்டவள். புகுந்த வீட்டில் மாமனாருக்கும் கணவனின் அண்ணனுக்கும் முன்னால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். பெற்றவர் சங்கத்துக்கு வந்து, "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார்.

நம்மில் ஒரு பகுதியினர், "ஊரோடு ஒத்து வாழ வேண்டும், பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு?" என்றார்கள். இன்னொரு பகுதியினர், "தமிழச்சிக்கு முக்காடா? உடனே பெண்ணை அழைத்துக்கொண்டு வா" என்று மேசையைத் தட்டினார்கள். நாற்காலி ஒன்று உடைந்ததுதான் மிச்சம். இந்தக் கூட்டத்தில் நிதானமாகப் பேசலாம் என்று ஒத்திவைத்தோம். ஆகவே நிதானமாகவே பேசுகிறோம்.

முதலில் இந்தக் கூங்கட் என்பது என்ன? டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஊர்ப் பெண்களின் முகத்தைவிட விரல்களைத்தான் அதிகம் தெரியும். ஓட்னியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஒரு கண் அளவுக்கு இடைவெளி விட்டு, அதன் வழியே சில்லறையை எண்ணிப் பார்ப்பார்கள். ஐந்து ரூபாய் குறைந்தாலும் அந்த ஒற்றைக் கண் கண்டுபிடித்துவிடும். அதே வரிசையில், தர்காவுக்கு வந்து ஊர் திரும்பும் பெண்கள் கறுப்பு புர்க்காவில் நிற்பார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் கணக்கு வேறு.

புர்க்கா வெளி ஆளுக்காகப் போடுவது. வீட்டுக்குள் வந்து, தகப்பன், அண்ணன் தம்பி, மாமனார் நடுவில் அதைக் கழற்றி மாட்டிவிடுவார்கள். கூங்கட்டோ வீட்டு ஆளுக்காகப் போடுவது. தெரிந்தவர் யாரும் இல்லாத நகரத்துக் கடைத்தெருவில் ஓட்னி தலையோடு நின்றுவிடும். வளையல் கடைக்காரனிடம் முகம் பார்த்துப் பேரம் பேசுவாள். வீட்டு வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டால் முகம் மறைந்துவிடும். கணவனின் அண்ணன், அவர்கள் மொழியில் ஜேட், அவர் முன்னாலும் அப்படியே. கணவனின் தம்பிக்கு முன்னால் மட்டும் தேவையில்லை. அவருக்குப் பெயர் தேவர். நம் ஊர்த் தேவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவரைக் கேலி பேசலாம், ஹோலிக்கு வண்ணம் பூசலாம். பல குடும்பங்களில் மாமியாருக்கு முன்னால்கூட முகத்தை மூட வேண்டும். பெண்ணுக்குப் பெண்ணே!

இன்னொன்றைக் கவனியுங்கள். இதே பெண் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறிப் போய் இறங்கியதும் முகத்தைத் திறந்துவிடுகிறாள். அங்கே பெரியப்பன், சித்தப்பன், ஊர்ப் பெரியவர் எல்லோரும் இருக்கிறார்கள், அவர்களும் ஆண்கள்தானே? ஆனால் அந்த ஊருக்கு அவள் மகள். இந்த ஊருக்கு மருமகள். ஒரே வயதுப் பெண்கள் இருவர் ஒரே குழாயடியில் நின்றால், யார் மகள், யார் மருமகள் என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பேச்சும் அப்படித்தான். மாமனாரிடம் நேராகப் பேசக்கூடாது. குழந்தையைப் பார்த்து, "தாத்தாவிடம் சாப்பாடு தயார் என்று சொல்" என்பாள். தாத்தா இரண்டடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். குழந்தை இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

நம் தாய்மார்கள் சிரிக்கிறார்கள். ரிசர்வேஷன் பாரம் நிரப்பும்போது, கணவன் பெயரைக் கேட்டால், ஒரு முக்காட்டுக்காரி வானத்துச் சூரியனைக் காட்டினாள். சூரஜ் என்று எழுதிக்கொண்டோம். அதே வாரத்தில் நம் சேலம் பக்கத்து அம்மா ஒருவர், முகத்தை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு, "பழனியில் இருக்கிறாரே, அவர் பேர்" என்றார். முருகனா, தண்டபாணியா, பழனிச்சாமியா என்று தெரியாமல் பின்னால் வரிசை தெருவரைக்கும் போய்விட்டது. சிரிப்பதானால் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்போம்.

ஆனாலும் கேள்வி இருக்கிறது. நமக்கு ஏன் இந்த முகமூடும் வழக்கம் இல்லை? நாம் முற்போக்கானவர்கள் என்பதாலா? பெரியார் மேடை ஏறுவதற்கு முன்பே நம் பாட்டிமார்கள் மாமனார் எதிரில் முகத்தைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். எந்த இயக்கமும் அவர்கள் முக்காட்டை எடுக்கவில்லை; எடுப்பதற்கு அது அங்கே இல்லை.

காரணம் நம் உறவு முறையில் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். நம் பக்கத்தில் பல சாதிகளிலும் பெண்ணைத் தாய்மாமனுக்கோ மாமன் மகனுக்கோ அத்தை மகனுக்கோ கொடுத்து வந்தார்கள். அப்படியானால் அவளுக்கு மாமனார் யார்? அம்மாவின் அண்ணன், அல்லது அத்தையின் புருஷன். காது குத்தும்போது மடியில் உட்கார்த்திவைத்தவர். மூக்குச் சளியைத் துடைத்துவிட்டவர். அவர் முன்னால் எந்த முகத்தை மூடுவது? மாமா, அத்தை என்ற அதே சொற்கள்தான் நமக்கு மாமனார், மாமியாருக்கும். உறவில்லாத இடத்தில் கட்டிக்கொடுத்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

இங்கே நிலைமை நேர் எதிர். தகப்பன் கோத்திரம் ஆகாது, தாய் கோத்திரம் ஆகாது. கிராமத்தில் சொந்த ஊருக்குள் பெண் எடுப்பதும் பெரும்பாலும் ஆகாது. மாமன் மகனும் அத்தை மகனும் இந்துக் குடும்பங்களில் அண்ணன் தம்பிகள். ராக்கி கட்ட வேண்டிய உறவு. நம் கல்யாண முறையைச் சொன்னால் அவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆகவே பெண் போய்ச் சேருகிற ஊரில் ஒரு முகம்கூட அவளுக்குத் தெரிந்த முகம் இல்லை. பெற்றவர்கள் வந்து தங்குவதும் இல்லை. பெண் கொடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கல்யாணமான மறுநாள் 'முகம் பார்க்கும்' சடங்கு. புகுந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, முக்காட்டை உயர்த்திப் பார்த்து, பணமோ நகையோ வைத்துவிட்டுப் போவார்கள். அவள் கண்ணைத் தாழ்த்தியே வைத்திருக்க வேண்டும். எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவள் யாரையும் பார்ப்பதில்லை.

அந்தக் காலத்தில் வந்த மணப்பெண்ணின் வயதையும் நினைத்துப் பாருங்கள். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று 1929ல் சாரதா சட்டம் வந்ததே, அதைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சாரதா இந்த அஜ்மீர்க்காரர்தான். தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தார் அந்தச் சட்டத்தை ஆதரித்துப் பேசினார்கள். அவர் ஊரில் வேலை பார்க்கும் நமக்கு அது ஒரு பெருமை. 14 என்று ஒரு வரம்பு வைப்பதற்கே அவ்வளவு எதிர்ப்பு என்றால், அதற்கு முன் ஒட்டகவண்டியில் வந்து இறங்கிய முக்காடுகளுக்குள் எத்தனை குழந்தைகள் இருந்திருப்பார்கள்!

ஆக, கூங்கட்டுக்குப் பொருள் இதுதான்: நீ இந்த வீட்டுக்கு வந்தவள், உனக்கு இங்கே பழைய உறவு கிடையாது, உன் இடம் கடைசி இடம். வயது ஏற ஏற, பிள்ளை பெற்று, மருமகள் எடுத்து, அவள் துணி மெல்ல மேலே ஏறும். மாமியாரானதும் அவள் முகம் திறக்கும். அடுத்தவள் முகம் மூடும். ரயில்வேயில் சீனியாரிட்டி பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

இதற்குப் பின்னால் சொத்தும் இருக்கிறது. இந்த ராஜஸ்தானில் 'ஹக் தியாக்' என்று ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் சொத்தில் தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்ததாகப் பெண் எழுதிக்கொடுத்துவிடுவது. கொடுக்காவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 2005ல் வந்தது. சட்டம் வந்த பிறகும் பத்திர ஆபீஸ் வாசலில் முக்காடு போட்ட பெண்கள் கட்டைவிரல் நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிறந்த வீட்டில் பங்கு இல்லாதவள், புகுந்த வீட்டில் பெயர் இல்லாதவள், முகத்தை மட்டும் திறந்துவைத்து என்ன செய்யப் போகிறாள் என்று அந்த மாமியார்கள் கேட்டால், நம்மிடம் பதில் இருக்கிறதா?

உடனே, நம் முறைதான் உயர்ந்தது, சொந்தத்திலேயே கட்டிவிடுவோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அத்தை வீட்டிலும் ஸ்டவ் வெடித்திருக்கிறது, அதுவும் மருமகள் பக்கத்தில் மட்டும். கணவன் இறந்ததும் தலையை மழித்து முக்காட்டை இழுத்துவிட்ட சாதிகள் நம்மிடமும் உண்டு. அங்கே பூ வைத்த தலைக்கு முக்காடு இல்லை, பூ எடுத்த தலைக்கு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூடுவது மட்டும்தான் கொடுமை என்பதும் சரியல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்றைய தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேலாடை அணியக்கூடாது என்று தடை. மூடிக்கொள்ளும் உரிமைக்காக 1820களிலிருந்து அடி வாங்கினார்கள், சேலை கிழிபட்டார்கள். 1859ல்தான் மன்னரின் அறிக்கை நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக்கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் மூடு என்கிறான், ஓரிடத்தில் திற என்கிறான். சொல்கிறவன் எப்போதும் வேறு யாரோ.

இனி ஒரு பொய்யைப் பற்றி. நம் கூட்டத்திலேயே ஒரு நண்பர் சொன்னார்: "இதெல்லாம் துலுக்கர் வந்த பிறகு வந்தது, அவர்களுக்குப் பயந்துதான் இந்துப் பெண்கள் முகத்தை மூடினார்கள்" என்று. டீக்கடையில் நிறையப் பேர் சொல்கிறார்கள். காளிதாசனின் நாடகத்தில் சகுந்தலை துஷ்யந்தன் சபைக்கு முக்காடிட்டே வருகிறாள். 'மிருச்சகடிகம்' நாடகத்தின் முடிவில் வசந்தசேனை என்ற கணிகையை மனைவி நிலைக்கு உயர்த்தும்போது, அவளுக்கு முக்காடு போட்டுவிடுகிறார்கள். இந்த நாடகங்கள் எழுதப்பட்டபோது இஸ்லாம் என்ற மதமே தோன்றவில்லை. இன்னும் பின்னால் போனால், இன்றைய ஈராக் பகுதியில் அசீரியர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சட்டமே எழுதிவைத்திருந்தார்கள்: வீட்டுப் பெண் தலையை மூட வேண்டும், அடிமைப் பெண்ணும் வேசியும் மூடினால் தண்டனை. துணி அன்றைக்கே 'இவள் ஒருவனுக்குரியவள், அவள் எவனுக்கும் உரியவள்' என்று பிரித்துக்காட்டும் வேலையைச் செய்திருக்கிறது. முஸ்லிம் அரசர் காலத்தில் பெரிய வீடுகளில் பர்தா கௌரவமாகப் பரவியது உண்மை. ராஜபுத்திர அந்தப்புரங்களும் அதில் போட்டி போட்டன. ஆனால் தன் வீட்டு மாமனாருக்கு முன்னால் மருமகள் முகத்தை மூடுவதற்கு எந்தப் படையெடுப்பாளன் பொறுப்பு? இந்தப் பொய்யை நம் சங்கத்துக்குள் விடலாகாது. நம் உறுப்பினர்களில் காயல்பட்டினத்துக் குடும்பமும் கீழக்கரைக் குடும்பமும் உண்டு. அவர்கள் பாட்டிமார்கள் வெளியே போகும்போது வெள்ளைத் துப்பட்டி போர்த்திப் போனார்கள். கறுப்பு அங்கி வளைகுடாப் பணத்தோடு பின்னால் வந்தது. அவர்கள் வீட்டு விஷயத்தை அவர்கள் வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் இலாகாவுக்கும் இந்த முக்காட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. ரயில் வந்த புதிதில், பர்தாப் பெண்களை எப்படி ஏற்றுவது என்று பெரிய சர்ச்சை நடந்தது. 1890ஆம் வருட ரயில்வே சட்டம், ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் கடைசி வகுப்பில் குறைந்தது ஒரு பெட்டியறையைப் பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றது. 50 மைலுக்கு மேல் போகும் வண்டியில் அதற்குக் கழிப்பறையும் வேண்டும் என்றது. இன்று நம் பெண்கள் தனியாக ஊருக்குப் போய்வரும் லேடீஸ் பெட்டியின் கதை அது. பர்தாவுக்காகக் கேட்டது, பர்தாவைப் பார்த்தே இராத நம் பெண்களுக்கும் பயன்பட்டது.

வங்கத்தில் பேகம் ரொக்கையா என்று ஒரு அம்மையார் இருந்தார். 1911ல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர். பர்தாவுக்குள் அடைபட்ட பெண்களைப் பற்றி 1931ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார்: 'அபரோத்பாசினி'. அதில் ரயில்வே ஊழியன் எவனும் மறக்கமுடியாத இரண்டு சம்பவங்கள் வருகின்றன. ஒன்று: ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெண்கள் கூட்டம். வெயிட்டிங் ரூமில்கூட உட்காரவைக்க மனமில்லாமல், பிளாட்பாரத்தில் குந்தவைத்து, மேலே கனமான ஜமக்காளத்தைப் போட்டு மூடிவிடுகிறார் கூட்டிவந்தவர். சரக்கு மூட்டை என்று நினைத்த ரயில்வே சிப்பந்தி, வண்டி வரப்போகிறது, மூட்டையை எடு என்று பூட்ஸ் காலால் தட்டுகிறான். உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிடவில்லை.

இரண்டாவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ரொக்கையாவின் உறவுக்கார அம்மையார், ஒரு வேலைக்காரியோடு பாகல்பூரிலிருந்து பாட்னாவுக்குப் போகிறார். கியூல் ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும். ஏறும்போது புர்க்கா காலில் சிக்கி, பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டார். போர்ட்டர்கள் தூக்க ஓடிவந்தார்கள். "யாரும் அம்மாவைத் தொடக்கூடாது" என்று வேலைக்காரி தடுத்துவிட்டாள். அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது? வண்டி புறப்பட்டது.

அந்த வேலைக்காரியைக் குற்றம் சொல்லலாமா? தொட்டுத் தூக்கியிருந்தால் அந்த வீட்டில் அவள் கதி என்னவாகியிருக்கும்? தோழர்களே, அந்தப் போர்ட்டர்களை நினைத்துப் பாருங்கள். கை இருந்தும் நின்றார்கள்.

எதிர்த்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். இந்த ராஜஸ்தானத்து மார்வாரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜானகிதேவி பஜாஜ் தாமே முக்காட்டை எடுத்துவிட்டு, மற்றப் பெண்களிடமும் போய்ப் பேசினார். பீகாரில் 1928ல் பர்தாவை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. அந்த வேலைக்காகத் தன் மகள் ராதாவை அனுப்பிவைத்தவர் மகன்லால் காந்தி, சபர்மதி ஆசிரமத்தை நடத்தியவர். மகளைப் பார்க்கப் போன இடத்தில் பாட்னாவிலேயே இறந்துபோனார். இவ்வளவு நடந்தும், ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2019-20ல் நாடு முழுதும் கேட்டுப் பார்த்தபோது, வெளியே போகும்போது தலையை மூடுவதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 61 பேர். இந்துப் பெண்களில் 59, முஸ்லிம் பெண்களில் 89, சீக்கியப் பெண்களில் 86. இது தலையை மூடும் கணக்கு, முகக் கணக்கு அல்ல. ஆனாலும் இந்த நாட்டில் திறந்த தலைதான் சிறுபான்மை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசாங்கங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2017ல் அரியானா அரசின் விவசாயப் பத்திரிகை முக்காடிட்ட பெண் படத்தைப் போட்டு, இதுவே மாநிலத்தின் பெருமை என்றது. 2019ல் இங்கே முதலமைச்சராக இருந்த அசோக் கெலாட் கூங்கட் ஒழிய வேண்டும் என்று பேசினார். 2022ல் கர்நாடகத்தில் தலையில் துணி போட்டதற்காக மாணவிகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள். அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். அதில் ஒருவர், துணியைவிட அந்தப் பெண் படிப்பதே முக்கியம் என்ற நியாயத்தைப் பிடித்துக்கொண்டார். ஈரானில் 1936ல் போலீஸை விட்டுத் துணியைப் பிடுங்கினார்கள். 1979க்குப் பிறகு போலீஸை விட்டுத் துணியைப் போடவைத்தார்கள். இரண்டு தடவையும் லத்தி ஆண்கள் கையில்தான் இருந்தது.

இப்போது நம் காலனிக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் கோடையில் நம் குழாய்களில் தண்ணீர் வராமல், பக்கத்துத் தெருக்காரர்களையும் சேர்த்துக் கூட்டம் போட்டோமே, நினைவிருக்கிறதா? உள்ளூர்ப் பெண்கள் முப்பது பேர் வந்து, முகத்தை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. "ஊமைகளைக் கூட்டிவந்து என்ன போராட்டம்?" என்று நம் பெண்களே முணுமுணுத்தார்கள். முன் வரிசையில் அவர்களுடைய ஜேட்களையும் மாமனார்களையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தது நாங்கள்தான் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அலுவலக வாசலுக்குப் போனோம். ஜேட்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். அந்த ஊமைகள் போட்ட சத்தம்! வெறும் பானைகளைப் படியில் போட்டு உடைத்தார்கள். அதிகாரி வெளியே வந்து, "யார் பானையை வீசியது?" என்று கேட்டார். அத்தனை முக்காடுகளும் ஒன்றுபோல நின்றன. கடைசியில் முகம் தெரிந்த நம் பெண்கள் நான்கு பேரின் பெயரை எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. அதன் பிறகுதான் நம் பெண்கள் அவர்களோடு குழாயடியில் நின்று பேச ஆரம்பித்தார்கள். முக்காட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. முக்காட்டுக்குள் ஆள் இருக்கிறாள் என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பெண்ணின் விஷயம். மூன்று மணி நேரம் சண்டை போட்டோமே, நம்மில் ஒருவராவது அவளைக் கேட்டோமா? பெற்றவரைக் கேட்டோம், ஜாதகம் பார்த்தவரைக்கூடக் கேட்டோம். போன வாரம் மாதர் பிரிவிலிருந்து இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போனார்கள். மாமியார் டீ கொடுத்து உபசரித்துவிட்டு, பேசட்டும் என்று எழுந்து போனாராம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் சொன்னது இது: "அக்கா, மாமனார் வந்தால் தலைப்பை இழுத்துவிட எனக்கு ஒரு நொடி ஆகாது. மூடிக்கொண்டு மாடிப்படி இறங்கி ஒரு தடவை விழுந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லைதான். அதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன், அவரும் கேட்கிறார். நீங்கள் அதற்காகக் கூட்டம் போட வேண்டாம். எனக்கு பி.எட். இரண்டாம் வருடப் பரீட்சை இருக்கிறது. அதற்கு விடமாட்டோம் என்கிறார்கள். அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? என் சர்டிபிகேட் எல்லாம் அப்பா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் அப்பாவே, 'கல்யாணம்தான் ஆகிவிட்டதே, இப்போது எதற்கு?' என்கிறார்."

பெற்றவர் இங்கேதான் இருக்கிறார். அவரை அவமானப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவரிடம் காலையிலேயே பேசிவிட்டோம். சர்டிபிகேட்களை நாளை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. புகுந்த வீட்டாரிடம் பேசுவதற்கு மாதர் பிரிவினர் இருவரும், அந்தத் தெருவில் மரியாதை உள்ள நம் ஓய்வுபெற்ற கார்டு அண்ணாச்சியும் வெள்ளிக்கிழமை போகிறார்கள். முக்காட்டைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள். பரீட்சையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். மறுத்தால் மறுபடியும் போவார்கள்.

இன்னொரு அறிவிப்பு. வரும் ஞாயிறு மூன்று மணிக்குப் பக்கத்துத் தெருப் பெண்களும் நம் பெண்களும் சேர்ந்து மழைநீர்க் கால்வாய் பற்றிய மனுவை எழுதுகிறார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஜேட்களும் வேண்டாம், எங்களைப் போன்ற செயலாளர்களும் வேண்டாம். குழந்தைகளை ஆண்கள் மைதானத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். டீ நாங்கள் போட்டு வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். ஐம்பது பேருக்கு மேல் வருவார்கள் போலிருக்கிறது. டம்ளர் இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள்.